உயிருள்ள செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவைத் தள்ளிச் சிதைப்பது எப்படி: ஆக்ட்-ஏ, ராபாமைசின் செய்முறை

செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உருவம் குலைந்தால் அதன் வேலையும் குலையுமா? கேள்வி சின்னதுதான். பதில் தேடும் வழியில்தான் சிக்கல். சிசிசிபி என்ற வேதிப்பொருளை ஊற்றினால் மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகும்; ஆனால் அதற்கு முன்பே உட்சவ்வின் மின்னழுத்தம் விழுந்திருக்கும். நோகோடசோல் என்ற மருந்தை ஊற்றினால் செல்லின் சாரக்குழாய்களான மைக்ரோடியூபூல் மொத்தமும் கலைந்து, கூடவே கோல்கி என்ற நுண்ணுறுப்பும் சிதறிப்போகும். எது காரணம், எது விளைவு என்று பிரிக்க வழியில்லை. நமக்கு வேண்டியது வேறு: ஒரே ஒரு நுண்ணுறுப்பை மட்டும், நாம் குறிக்கிற நிமிடத்தில், வேதிப்பொருளின் நச்சால் அல்லாமல் வெறும் விசையால் சிதைக்க வேண்டும்.

அந்த விசையை லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து கடன் வாங்கலாம். அது செல்லுக்குள் நுழைந்ததும் தன் மேல்தோலில் ஆக்ட்-ஏ என்ற புரதத்தை விரித்துவைக்கிறது. ஆக்ட்-ஏ, செல்லின் சொந்த ஏஆர்பி2/3 கூட்டுப்புரதத்தைப் பிடித்துத் தூண்டுகிறது. அந்த இடத்தில், செல்லின் சட்டகப் புரதமான ஆக்டினின் இழைகள் கிளைவிட்டு வளர்ந்து, வால்நட்சத்திரத்தின் வால்போலப் பின்னால் நின்று பாக்டீரியாவை முன்னே தள்ளுகின்றன. அதே ஆக்ட்-ஏ துண்டை நுண்ணுறுப்பின் மேல் ஏற்றினால், தள்ளப்படுவது நுண்ணுறுப்பு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தகனாரி இனோவேயின் ஆய்வகம் 2023-இல் இதை ‘ஆக்சுவேட்டர்’ என்ற பெயரில் வெளியிட்டது. இங்கே பாக்டீரியா எதுவும் கையாளப்படுவதில்லை. ஒரு மரபணுத் துண்டு மட்டும்தான். ஆனாலும் மறுசேர்க்கை டிஎன்ஏ வேலை என்பதால் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இரண்டு பாகங்கள், ஒரு பசை

முதல் பாகம் நங்கூரம். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் குத்தி நிற்கும் ஒரு சிறு துண்டு, அதோடு ஒளிர்புரதம், அதோடு எஃப்ஆர்பி என்ற பிடிபுரதத் துண்டு. இரண்டாவது பாகம் தள்ளுபுரதம்: செல்சாறில் மிதக்கும் எஃப்கேபிபி (இன்னொரு பிடிபுரதம்), ஒளிர்புரதம், ஆக்ட்-ஏ துண்டு. இரண்டும் தாமாக ஒட்டாது. ராபாமைசின் என்ற மருந்து உள்ளே வந்ததும் எஃப்கேபிபியை ஒரு முகத்தாலும் எஃப்ஆர்பியை மறுமுகத்தாலும் பிடித்துக்கொள்ளும். மிதந்த தள்ளுபுரதம் நங்கூரம் உள்ள இடத்தில் குவியும். எஃப்கேபிபி சுமார் 12 கிலோடால்டன், எஃப்ஆர்பி சுமார் 11. சுமை பெரிதல்ல.

இந்தப் பசையின் எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தவிரும். ராபாமைசின் எஃப்கேபிபியை ஏறக்குறைய 0.2 நானோமோலார் இறுக்கத்தில் பிடிக்கிறது (எண் சிறிதானால் பிடி இறுக்கம்). அந்த இணை எஃப்ஆர்பியைப் பிடிப்பது 12 நானோமோலார் அளவில். ஆனால் ராபாமைசின் தனியாக எஃப்ஆர்பியைப் பிடிப்பது மிகப் பலவீனம், சுமார் 26 மைக்ரோமோலார். ஆகவே மருந்து சற்றுக் கூடிப்போனாலும் நங்கூரத்தின் இருக்கைகளை வெறும் ராபாமைசின் அடைத்துவிடாது. அந்த இருக்கைகளுக்கு உண்மையான போட்டி வேறிடத்திலிருந்து வருகிறது: செல்லுக்குள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும் சொந்த எஃப்கேபிபி12. அதுவும் ராபாமைசினைச் சுமந்துகொண்டு எஃப்ஆர்பியில் வந்து உட்காரும். தள்ளுபுரதம் மிகக் குறைவாக உற்பத்தியாகும் செல்களில் குவிப்பு மங்கலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

பிளாஸ்மிட் வடிவமைப்பு

இரண்டு பாகங்களின் மரபணுவையும் செல்லுக்குள் கொண்டுபோகும் வட்ட டிஎன்ஏதான் பிளாஸ்மிட். அதை வடிவமைக்கையில் நங்கூரத்தின் திசையில்தான் அதிகமானோர் தவறுகிறார்கள். டாம்20 என்ற வெளிச்சவ்வுப் புரதத்தின் முதல் 33 அமினோ அமிலங்களை எடுத்தால், அதன் முன்முனை சவ்வில் இருக்கும், பின்முனை செல்சாறில் நீட்டும். ஆகவே ஒளிர்புரதமும் எஃப்ஆர்பியும் அதற்குப் பின்னால் வர வேண்டும். மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ அல்லது ஓஎம்பி25 புரதத்தின் பின்முனை வாலை எடுத்தால் எல்லாம் தலைகீழ்: வால்தான் சவ்வுக்குள் போகும், எஃப்ஆர்பி அதற்கு முன்னால் இருக்க வேண்டும். வாலின் பின்னால் எதையாவது ஒட்டவைத்தால் நங்கூரம் இடம் மாறி எங்கெங்கோ போய் நிற்கும். வேறு நுண்ணுறுப்புகளுக்கும் விதி இதேதான்: எஃப்ஆர்பி செல்சாறு பக்கம் பார்க்க வேண்டும். பெராக்சிசோமுக்கு பெக்ஸ்3-இன் முதல் 42 அமினோ அமிலங்கள், லைசோசோமுக்கு லாம்ப்1 (எஃப்ஆர்பி அதன் பின்முனையில்), எண்டோபிளாச வலைக்கு சைட்டோகுரோம் பி5 வால்.

ஆக்ட்-ஏ முழுப்புரதம் 639 அமினோ அமில நீளம். வேண்டியது 30 முதல் 262 வரையிலான துண்டு. முதல் 29 பாக்டீரியா தன் புரதத்தை வெளியே அனுப்ப வைத்திருக்கும் முகவரி, நமக்குப் பயனில்லை. பின்முனையை விடுவதுதான் முக்கியம். ஆக்ட்-ஏயின் பின்முனைச் சவ்வு வால், பாலூட்டி செல்லுக்குள் தானாகவே மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப்போகும். பழைய ஆய்வுகளில் ‘மைட்டோ-ஆக்ட்-ஏ’ என்று வரும் கட்டுமானங்கள் அந்த வாலைப் பயன்படுத்தியவை. பெயர் ஒன்றுதான், வேலை வேறு. யாரிடமிருந்தாவது ‘ஆக்ட்-ஏ பிளாஸ்மிட்’ வாங்கினால், வரிசையைத் திறந்து எந்தத் துண்டு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தள்ளுபுரதத்தில் அந்த வால் தவறுதலாக இருந்தால் ராபாமைசின் வருமுன்னே அது மைட்டோகாண்ட்ரியாவில் ஏறிக்கொள்ளும். சோதனைக்கு ‘முன்’ என்ற நிலையே இராது.

லிஸ்டீரியா மரபணுவில் ஏ-டி எழுத்துகள் மிகுதி. பாலூட்டி செல்லுக்கு ஏற்றபடி கோடான்களை (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகள்) மாற்றி, செயற்கையாகத் தயாரித்த துண்டை வாங்குவது நல்லது. எஃப்கேபிபிக்கும் ஆக்ட்-ஏக்கும் நடுவே 10 முதல் 20 அமினோ அமில நீளத்தில் கிளைசின்-செரின் இணைப்பு வையுங்கள். ஆக்ட்-ஏயை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதை இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஒரு வாரம் கூடும், ஆனால் பிறகு பல மாதம் மிச்சமாகும்.

நிறங்களை முதலிலேயே திட்டமிட வேண்டும். நங்கூரத்துக்கு நீல ஒளிர்புரதமான எம்டர்கோய்ஸ்2, தள்ளுபுரதத்துக்குச் சிவப்பான எம்செர்ரி, மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைக்குத் தனியாக ஓர் அடையாளம் — உள்ளறைக்கு அனுப்பும் காக்ஸ்8 முகவரியோடு சேர்த்த, சாயத்தைப் பிடிக்கும் புரதமான ஹாலோடேக், அதற்குத் தொலைசிவப்புச் சாயம். உள்ளறை அடையாளம் தனியாக எதற்கு என்று கேட்கத் தோன்றும். நங்கூரமே மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டுகிறதே? நங்கூரம் காட்டுவது வெளிச்சவ்வை மட்டும். இழை உண்மையில் துண்டானதா, அல்லது வெளித்தோல் மட்டும் சுருங்கியதா என்பதை உள்ளறைதான் சொல்லும். எல்லா ஒளிர்புரதங்களும் ஒற்றை மூலக்கூறாகவே நிற்கும் வகையாக இருக்கட்டும். சாதாரணப் பச்சை ஒளிர்புரதமான ஈஜிஎஃப்பிக்கு இரண்டிரண்டாக ஒட்டும் பழக்கம் கொஞ்சம் உண்டு. சவ்வில் அடர்த்தியாக நிற்கும்போது அந்தச் சிறு ஒட்டுதலே சவ்வுகளை அடுக்கடுக்காகத் தைத்துவிடும். எண்டோபிளாச வலையில் இது நன்றாகத் தெரிந்த கோளாறு.

செல்லைத் தயாரித்தல்

ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வகைகளில் காஸ்-7 இதற்கு மிகப் பொருத்தம். விரிந்து தட்டையாகப் படரும்; ஓரத்தில் மைட்டோகாண்ட்ரியா ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரிந்து கிடக்கும். யூ2ஓஎஸ் அடுத்தது. ஹீலாவில் நடுப்பகுதி தடித்திருப்பதால் அளவீடு கஷ்டம்.

35 மி.மீ. கண்ணாடி அடிப்பாக டிஷ் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி 0.17 மி.மீ. தடிமன். முதல் நாள் 2 மி.லி. மீடியத்தில் 1 முதல் 1.5 லட்சம் செல்கள். மறுநாள் பாதிக்குக் கொஞ்சம் கூட நிரம்பியிருக்கும்போது, பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் ஏற்றும் டிரான்ஸ்ஃபெக்‌ஷன். டிஎன்ஏ அளவு: நங்கூரம் 200 நானோகிராம், தள்ளுபுரதம் 300 நானோகிராம், உள்ளறை அடையாளம் 100 நானோகிராம், மீதியை வெற்று பிளாஸ்மிட்டால் நிரப்பி மொத்தம் 1 மைக்ரோகிராம். இதை 100 மைக்ரோலிட்டர் ஆப்டி-மெம் மீடியத்தில் கலந்து, டிஎன்ஏவை உள்ளே கொண்டுபோகும் ஃபியூஜீன் ஹெச்டி 3 மைக்ரோலிட்டர் சேர்த்து, அறை வெப்பத்தில் 10-15 நிமிடம் வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாக டிஷ்ஷில் விடுங்கள். 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 18 முதல் 24 மணி நேரம்.

வெற்று பிளாஸ்மிட் வீண் செலவு அல்ல. டாம்20 நங்கூரம் அளவுக்கு மீறி உற்பத்தியானால் ராபாமைசினே இல்லாமல் மைட்டோகாண்ட்ரியா உட்கருவைச் சுற்றிக் கொத்தாகக் கூடிவிடும். தள்ளுபுரதம் மீறினால் செல்சாறிலேயே ஏஆர்பி2/3-ஐத் தட்டியெழுப்பி, எங்கு பார்த்தாலும் ஆக்டின் புள்ளிகளாகும். இரண்டு நிலையிலும் செல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது. மிகப் பிரகாசமான செல்தான் கண்ணுக்கு முதலில் படும்; அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மங்கலாகத் தெரிந்தாலும், இழைகள் ஓரம்வரை நீண்டிருக்கிற செல்லைத் தேடுங்கள். இந்தச் சோதனையின் தரத்தில் பாதி இந்த ஒரு தேர்வில் முடிவாகிறது.

ராபாமைசின் நாள்

ராபாமைசின் ஸ்டாக் 1 மில்லிமோலார், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில். சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20-இல், வெளிச்சம் படாமல் வையுங்கள். சோதனை நாளன்று 37 டிகிரிக்குச் சூடாக்கிய மீடியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்து 1 மைக்ரோமோலார் ஆக்குங்கள். டிஷ்ஷில் பீனால் சிவப்பு இல்லாத மீடியம் 900 மைக்ரோலிட்டர் இருக்கட்டும். அதில் இந்தக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் இறுதி அளவு 100 நானோமோலார், டிஎம்எஸ்ஓ 0.01 சதவீதம்தான். நீரில் கரைத்த ராபாமைசின் 37 டிகிரியில் நாள் முழுக்கத் தாங்காது; மறுநாளைக்கு எடுத்துவைக்க வேண்டாம்.

நுண்ணோக்கியின் மேடை, லென்ஸ் இரண்டும் 37 டிகிரிக்கு வந்து, குறைந்தது அரை மணி நேரம் நிலைபட்டிருக்க வேண்டும். டிஷ்ஷை வைத்து, செல்களைத் தேர்ந்து, 10 விநாடிக்கு ஒரு படம் என்று 2 நிமிடம் முன்நிலையைப் பதியுங்கள். பிறகு ராபாமைசின். லென்ஸுக்கு நேர் மேலே ஊற்றாதீர்கள்; டிஷ்ஷின் ஓரத்தில் விட்டு, பிப்பெட்டால் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து விட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த கரைசலை விட்டால் கண்ணாடி சுருங்கிக் குவியம் நழுவும். முக்கியமான முதல் நிமிடம் மங்கலாகிவிடும்.

திரையில் இப்படித் தெரியும். முதலில் எம்செர்ரி செல் முழுதும் சாம்பல் பூசியதுபோல் பரவியிருக்கும். மைட்டோகாண்ட்ரியா இருக்கும் இடங்கள் அதில் கறுப்புக் கோடுகளாக விழுந்திருக்கும். ராபாமைசின் சென்ற 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள் அந்தக் கறுப்புக் கோடுகள் தலைகீழாக மாறிப் பிரகாசிக்கும், சுற்றிலும் இருட்டும். இதுவரை நடந்தது குவிப்பு மட்டும். அடுத்த சில நிமிடங்களில் நேராகக் கிடந்த இழை ஓரிடத்தில் முழங்கைபோல் வளையும். வளைந்த முனை நீண்டு மெலியும், துடிக்கும், சில இடங்களில் அறுந்து தனியே நகரும். நகரும் துண்டுக்குப் பின்னால், ஆக்டினுக்கு அடையாளம் வைத்திருந்தால், வால் தெரியும். பொதுவாக 10 முதல் 20 நிமிடத்தில் வலை முழுதும் சிறு துண்டுகளாகவும் கொத்துகளாகவும் மாறியிருக்கும்.

இங்கே அவசரப்பட்டு ‘உடைந்தது’ என்று எழுதிவிட வேண்டாம். சாதாரண ஒளி நுண்ணோக்கி 200-250 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அருகருகே ஒட்டி நிற்கும் இரண்டு துண்டுகள் ஒன்றாகத் தெரியும். சுருண்டு மடிந்த ஒரே இழை பல துண்டுகள்போலத் தெரியும். சரியான சோதனை, உள்ளறையின் தொடர்ச்சியைப் பார்ப்பது. உள்ளறையில் ஒளிர்புரதம் வைத்து, இழையில் சுமார் 1 மைக்ரோமீட்டர் புள்ளியை மட்டும் லேசரால் அணையுங்கள். இழை தொடர்ச்சியானது என்றால் அந்த இருட்டு சில விநாடிகளில் நீளவாக்கில் பரவி, புள்ளி மறுபடி ஒளிபெறும். துண்டானது என்றால் அந்தத் துண்டு மொத்தமும் மங்கி அப்படியே நிற்கும். பக்கத்துத் துண்டு பிரகாசம் மாறாது. ஒளியால் விழிக்கும் பிஏ-ஜிஎஃப்பியை உள்ளறையில் வைத்து, 405 நானோமீட்டரால் ஒரு புள்ளியை எழுப்பி, எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்ப்பதும் இதே சோதனையின் மறுபக்கம். ஒரு டிஷ்ஷுக்கு ஐந்தாறு செல்களிலாவது இதைச் செய்யாமல் துண்டாதலைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது.

தள்ளுதல்தான் காரணம் என்று காட்டுவது

இந்தக் கருவியின் மதிப்பே, வேறு காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க முடிகிறது என்பதில் இருக்கிறது. ஆகவே கன்ட்ரோல்களில் (ஒப்பீட்டுச் சோதனைகளில்) சிக்கனம் கூடாது.

ஆக்ட்-ஏ இல்லாத எம்செர்ரி-எஃப்கேபிபி, அதே நங்கூரம், அதே ராபாமைசின்: குவிப்பு நடக்கும், உருவம் மாறக்கூடாது. மாறினால் குற்றவாளி ஆக்டின் அல்ல. சவ்வின் மேல் புரத நெரிசலோ நங்கூரமோதான். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கன்ட்ரோல். அடுத்து, ராபாமைசினுக்குப் பதில் டிஎம்எஸ்ஓ மட்டும். அதே டிஷ்ஷில் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் ஏறாத பக்கத்துச் செல்களையும் கணக்கில் எடுங்கள்; மருந்தின் நேரடி விளைவு இருந்தால் அங்கேயும் தெரியும். பிறகு சிகே-666: ஏஆர்பி2/3-ஐத் தடுக்கும் இதை 100 மைக்ரோமோலாரில் அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டு ராபாமைசின் விட்டால், தள்ளுபுரதம் குவிய வேண்டும், சிதைவு வெகுவாகக் குறைய வேண்டும். செயலற்ற இணைப்பொருளான சிகே-689 அதற்குத் துணைக் கன்ட்ரோல். இரண்டையும் ஒரே டிஎம்எஸ்ஓ அளவில் கொடுங்கள். இங்கே டிஎம்எஸ்ஓ 0.01 சதவீதத்தைத் தாண்டிவிடும் என்பதால் டிஎம்எஸ்ஓ கன்ட்ரோலையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

விசை அறுத்ததா, அல்லது விசையைக் கண்டு செல்லின் சொந்தப் பிளவு இயந்திரம் அறுத்ததா என்பது தனிக் கேள்வி. இயல்பான மைட்டோகாண்ட்ரியா பிளவுக்கே ஆக்டின் உதவுகிறது. பிறகு டிஆர்பி1 என்ற புரதம் வந்து வளையமாகச் சுற்றி நெரிக்கிறது. டிஆர்பி1 கே38ஏ என்ற முடக்கிய வடிவத்தைக் கூடவே உற்பத்தி செய்து, அதே சோதனையைத் திரும்ப ஓட்டினால் பங்கு பிரியும். அந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா தொடக்கத்திலேயே அளவுக்கு மீறி நீண்டிருக்கும். அதனால் ஒப்பீடு அந்தச் செல்லின் முன்நிலையோடு இருக்கட்டும், சாதாரணச் செல்லோடு அல்ல.

ராபாமைசினைப் பற்றி இன்னொன்று. அது வெறும் பசையல்ல. செல் வளர்ச்சியை நடத்தும் எம்டார் நொதியை அடக்கும் மருந்து. அடக்கம் சில நிமிடங்களிலேயே தொடங்கும். தன்னையே தின்னும் ஆட்டோஃபேஜி மணிக்கணக்கில் ஏறும். 20 நிமிட உருவச் சோதனைக்கு இது பெரிய இடையூறு அல்ல. ஆனால் ‘சிதைந்த மைட்டோகாண்ட்ரியா அப்புறப்படுத்தப்படுகிறதா’ என்று பல மணி நேரம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ராபாமைசின் தவறான தேர்வு. கேள்வியையும் பதிலையும் ஒரே மருந்து தொட்டுக்கொண்டிருக்கும். எஃப்ஆர்பியில் டி2098எல் மாற்றம் செய்து, எம்டாரைப் பெரும்பாலும் தொடாத ஏபி21967 என்ற ராபாலாக்கை (ராபாமைசினின் மாற்று வடிவம்) 250-500 நானோமோலாரில் பயன்படுத்துங்கள். இல்லையேல் தாவர ஹார்மோனான ஜிபரெலின் முறை: பசை ஜிஏ3-ஏஎம், ஒட்டும் ஜோடி ஜிஐடி1, ஜிஏஐ புரதங்கள். இந்த ஜோடிக்குப் பாலூட்டி செல்லில் சொந்த வேலை எதுவுமில்லை. அளவு 10 முதல் 100 மைக்ரோமோலார்.

மின்னழுத்தம் அளக்கும்போது

உருவம் போன பிறகு மின்னழுத்தம் நிற்கிறதா என்பதுதான் பலருக்கும் அடுத்த கேள்வி. மின்னழுத்தத்தைக் காட்டும் சாயமான டிஎம்ஆர்எம் 20 நானோமோலார், 30 நிமிடம். டிஎம்ஆர்எம்மும் எம்செர்ரியும் நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே இந்தச் சோதனைக்கு மட்டும் தள்ளுபுரதத்தில் மஞ்சள் ஒளிர்புரதமான எம்வீனஸ் வைத்த வடிவம் வேண்டும். அப்படி வைத்ததும் புதிய தொந்தரவு ஒன்று: எம்டர்கோய்ஸும் எம்வீனஸும் நெருங்கி நிற்கையில் ஆற்றல் கைமாறி நங்கூரத்தின் நீல ஒளி குறையும். நங்கூரம் கழன்றுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

கழுவி எடுக்காமல், படமெடுக்கும்போதும் டிஎம்ஆர்எம் மீடியத்தில் இருக்க வேண்டும். நீங்கள் விடும் 100 மைக்ரோலிட்டர் ராபாமைசின் கரைசலிலும் அதே 20 நானோமோலார் டிஎம்ஆர்எம் சேர்த்திருக்க வேண்டும். மறந்தால் டிஷ்ஷில் சாயம் 18 நானோமோலாராகக் குறையும். ஒளிர்வு பத்து சதவீதம் இறங்கும். அது ராபாமைசின் விட்ட அதே நொடியில் இறங்குவதால் பார்க்க அச்சு அசலாக ‘விளைவு’ போலவே இருக்கும். சிறு துண்டுகள் குவியத்துக்கு வெளியே போய் மங்குவதும் உண்டு. ஆகவே டிஎம்ஆர்எம் ஒளியை உள்ளறை அடையாளத்தின் ஒளியால் வகுத்துப் பாருங்கள். கடைசியில், மின்னழுத்தத்தை வீழ்த்தும் எஃப்சிசிபி 2 மைக்ரோமோலார் விட்டு அடிமட்ட அளவை எடுத்தால்தான் எந்த எண்ணுக்கும் பொருள் உண்டு.

எங்கே கெடும், ஏன் கெடும்

ராபாமைசின் விடுவதற்கு முன்பே தள்ளுபுரதம் மைட்டோகாண்ட்ரியாவில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் முந்தைய சோதனையின் மிச்சம். ராபாமைசின் பிளாஸ்டிக்கில் ஒட்டும் பொருள். ஓட்டக்குழாய், மூடி, தெர்மாமீட்டர் முனை எதிலாவது தங்கி அடுத்த டிஷ்ஷுக்கு வரும். சில நானோமோலாரே போதும். குழாய்களை 70 சதவீத எத்தனாலால் நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். பல குழி தட்டில் வேலை என்றால் மருந்துள்ள குழிகளையும் இல்லாத குழிகளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். மிச்சம் இல்லை என்று உறுதியானால், ஆக்ட்-ஏ வால் பற்றி மேலே சொன்னதைச் சரிபாருங்கள்.

குவிப்பே இல்லை. நங்கூரத்தின் திசை, பிளாஸ்மிட்டின் படிப்புச் சட்டகம் (மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை), ஸ்டாக்கின் வயது, இந்த வரிசையில் பாருங்கள். நங்கூரம் ஒளிர்வதால் மட்டும் எஃப்ஆர்பி சரியாக இருக்கிறது என்று ஆகாது. ஒளிர்புரதத்துக்குப் பின்னால் சட்டகம் நழுவியிருக்கலாம்.

குவிகிறது, ஆனால் செல்சாறும் பிரகாசமாகவே இருக்கிறது. இருக்கைகளைவிட ஆள் அதிகம். தள்ளுபுரத டிஎன்ஏவை 100 நானோகிராமுக்குக் குறையுங்கள். நங்கூரத்தைக் கூட்டுவது கடைசி வழி.

நன்றாகக் குவிகிறது, எதுவும் அசையவில்லை. மேடை 37 டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறை வெப்பத்தில் ஆக்டின் மந்தமாக வளரும். அடுத்து, ஆக்டின் அடையாளம். லைஃப்ஆக்ட் மிகையானால் ஆக்டினின் நடத்தையே மாறும். எஸ்ஐஆர்-ஆக்டின் என்ற சாயமோ, இழைகளை உறையவைக்கும் ஜாஸ்பிளாகினோலைடின் வழித்தோன்றல். 100 நானோமோலாருக்கு மேல் போக வேண்டாம். இரண்டையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

டிஎம்எஸ்ஓ டிஷ்ஷிலும் மைட்டோகாண்ட்ரியா உடைகிறது. லேசர்தான். நீல ஒளியும், மைட்டோடிராக்கர் போன்ற சாயங்களும் சேர்ந்தால் மைட்டோகாண்ட்ரியா சில நிமிடங்களில் உருண்டையாகிவிடும். இடைவெளியை 10 விநாடியிலிருந்து 30 ஆக்குங்கள், நீலத்தை ஐந்து படத்துக்கு ஒருமுறை மட்டும் எடுங்கள். மூடியில்லாத டிஷ்ஷில் 1 மி.லி. மீடியம் சூடான மேடையில் வற்றி உப்பேறுவதும் இதேபோல் ஏமாற்றும்.

செல்களை நிலைப்படுத்திச் சாயமேற்றினால் படம் வேறாக இருக்கிறது. பாராஃபார்மால்டிஹைடு 4 சதவீதத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி 15 நிமிடம் வையுங்கள்; குளிர்ந்ததை விட்டால் மைட்டோகாண்ட்ரியா முத்துமுத்தாகச் சுருங்கும். மெத்தனால் வேண்டாம், அதன் பிறகு ஃபல்லாய்டின் என்ற சாயப்பொருள் ஆக்டினில் ஒட்டாது.

ஒளியால் இயக்க வேண்டுமானால்

ராபாமைசின் ஒட்டு, சோதனை நடக்கும் நேரத்தில் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் ஒரு மூலையை மட்டும் சிதைக்க, அல்லது நிறுத்தித் திரும்பவும் தொடங்க, ஐலிட்-எஸ்எஸ்பிபி என்ற, ஒளியால் ஒட்டும் புரத ஜோடி வேண்டும். நங்கூரத்தில் எஃப்ஆர்பிக்குப் பதில் ஐலிட், தள்ளுபுரதத்தில் எஃப்கேபிபிக்குப் பதில் எஸ்எஸ்பிபி. நீல ஒளியில் ஒட்டும், இருட்டில் ஒரு நிமிடத்துக்குள் பாதி கழன்றுவிடும். எஸ்எஸ்பிபியில் இரண்டு வடிவங்கள் அதிகம் பயன்படுகின்றன. ‘நானோ’ வடிவம் வெளிச்சத்தில் 132 நானோமோலார், இருட்டில் 4.7 மைக்ரோமோலார். ‘மைக்ரோ’ வடிவம் வெளிச்சத்தில் 800 நானோமோலார், இருட்டில் 47 மைக்ரோமோலார். ஆக்ட்-ஏ போன்று, கொஞ்சம் ஒட்டினாலும் வேலை செய்யத் தொடங்கும் சரக்குக்கு மைக்ரோதான் நல்லது. இருட்டில் கசிவு குறைவு.

டிஷ்ஷை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். அறையில் சிவப்பு விளக்கு மட்டும். செல்லைத் தேடுவது 561 நானோமீட்டர் அல்லது தொலைசிவப்பில்தான். பழக்க தோஷத்தில் கண்வில்லை வழியாகப் பச்சை ஒளிர்வைத் தேடினால், அந்த ஒரு பார்வையிலேயே செல் முழுதும் இயங்கிவிடும். நீலம், பச்சை ஒளிர்புரதங்கள் இந்தக் கட்டுமானத்தில் இருக்கவே கூடாது. தூண்டலுக்கு 488 லேசர் மிகக் குறைந்த சக்தியில், 10 விநாடிக்கு ஒரு துடிப்பு போதும். ஆக்ட்-ஏ இல்லாத தள்ளுபுரதத்துக்கும் அதே ஒளியைக் காட்டி, ஒளியின் சொந்தக் கெடுதலைத் தனியாக அளந்துவையுங்கள்.

எண்ணுவது

குவிப்பை, நங்கூர முகமூடிக்குள் (படத்தில் நங்கூரம் ஒளிரும் பகுதி) உள்ள எம்செர்ரி சராசரியை வெளியே உள்ள சராசரியால் வகுத்துச் சொல்லுங்கள். உருவத்துக்கு, படப் பகுப்பாய்வு மென்பொருளான ஃபிஜியில் மினா போன்ற செருகுநிரல் போதும்: கிளை நீளம், துண்டுகளின் எண்ணிக்கை, நீள-அகல விகிதம். வரம்பு மதிப்பை முன்நிலைப் படத்தில் ஒருமுறை நிர்ணயித்து, அதையே தொடர் முழுதும் வைத்திருங்கள். படத்துக்குப் படம் தானாக மாற விட்டால், ஒளி மங்குவதே துண்டாதலாகக் கணக்காகும். புள்ளியியலில் அலகு செல், துண்டு அல்ல. ஒரு செல்லிலிருந்து முந்நூறு துண்டுகளை எடுத்து எண்ணிக்கை முந்நூறு என்று போடுவது தவறு. வெவ்வேறு நாட்களில் குறைந்தது மூன்று டிரான்ஸ்ஃபெக்‌ஷன், எந்த டிஷ் எது என்று தெரியாத ஒருவர் எண்ண வேண்டும்.

முதன்முதலாக இதில் இறங்குபவர்கள் மைட்டோகாண்ட்ரியாவில் தொடங்க வேண்டாம். பெக்ஸ்3 நங்கூரத்தை வைத்து, ஆக்ட்-ஏ இல்லாத எம்செர்ரி-எஃப்கேபிபியைப் பெராக்சிசோமில் குவித்துப் பாருங்கள். பெராக்சிசோம்கள் தனித்தனிப் புள்ளிகள். குவிந்ததா இல்லையா என்பதில் சந்தேகமே இராது. அந்தப் புள்ளிகள் ராபாமைசின் விட்ட ஒரு நிமிடத்தில் சிவப்பாக மாறுவது மூன்று நாள் தொடர்ந்து நடந்தால், உங்கள் மருந்தும் மேடையும் கையும் தயார். அன்றைக்கு ஆக்ட்-ஏயை எடுங்கள்.